படத்தை நிறுத்திவிட்டு நீ கேட்ட கேள்வி

என் பிரியமான பஞ்சவர்ணம்,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேரையூரில் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் கிடந்த ரெட்டைவடச் சங்கிலியைத்தான் பார்த்தேன். கேசரித் தட்டை நீட்டிக்கொண்டு நீ நின்ற நேரம் முழுக்க, அது எத்தனை பவுன் தேறும் என்று மனசுக்குள் எடை போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் என் அம்மா, "பொண்ணு எப்படிடா?" என்று கேட்டாள். "கனமா இருக்கு" என்று சொன்னவன் நான்.

நீ அதைக் கவனிக்காமல் இல்லை. கல்யாணமான மூன்றாம் நாள், வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாய். "மாப்ள எம் மூஞ்சிய ஒருவாட்டி கூட நிமிந்து பாக்கல, கழுத்தையே பாத்தாருன்னு அன்னிக்கே எங்க அண்ணன்ட்ட சொல்லிட்டேன்."

"பெறகு எதுக்குச் சம்மதிச்ச?"

"எம்புட்டு நாளைக்குக் கழுத்தையே பாப்பீகன்னு பாக்கலாம்னுதான்."

நீ நிறுத்தி நிறுத்திப் பார்த்த அந்தப் படம் நம் வீட்டுக்கு வந்த கதையைப் பத்திரிகை வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ பொறுத்துக்கொள். பெரியார் பேருந்து நிலையத்துப் பிளாட்பாரத்தில் ஒரு பழைய தமிழ்க் காமெடிப் படம் என்று சொல்லி சிடி வாங்கி வந்தேன். அட்டையில் இருந்தது அதுதான். உள்ளே இருந்தது நம் இருவரையும்விட வயதான ஹாலிவுட் படம். நாடகக் கம்பெனியில் ஆடும் இரண்டு பெண்கள், ஒருத்திக்குக் காதல் வேண்டும், இன்னொருத்திக்குப் பணக்கார மாப்பிள்ளை வேண்டும். அவ்வளவுதான் கதை. எனக்கு ஆபீஸ் ஆங்கிலம், உனக்கு அதுவும் இல்லை. ஆனாலும் என்னைவிட உனக்குத்தான் கதை சீக்கிரம் புரிந்தது.

"இந்த ஊர்ல நகைக்காகக் கட்டுறது பொம்பளைகளாம்ல" என்று சிரித்தாய். "நம்ம பக்கம் வந்து எடுத்திருந்தா அவளுக்கு மீசை வச்சுல்ல எடுத்திருக்கணும்."

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் பெயர் டான்ஸ்காரி. "டான்ஸ்காரி காப்பி குடிக்கிறீகளா?" "டான்ஸ்காரி, ரேசனுக்குப் போயிட்டு வாங்க." மகள் மலர் ஒன்றாம் வகுப்பில், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு அதையே சொல்லிவிட்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போய் விளக்கம் சொன்னவன் நான்.

படத்தின் கடைசியில் ஒரு இடம் வரும். பணக்காரப் பையன் மாடிப்படியின் கீழே நின்றுகொண்டு, பணக்கார மாப்பிள்ளை தேடியவளிடம் ஏதோ கேட்பான். அது என்னவென்று எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய். "உனக்கு நான் வேணுமா, என் சொத்து வேணுமா?" அவள் பதில் சொல்ல மாட்டாள். பாட்டு ஆரம்பித்துவிடும். இறகு விசிறிகளோடு நாற்பது பெண்கள் இறங்கி வருவார்கள். அவளும் ஆடிக்கொண்டே இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். படம் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அந்தப் படத்தைப் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பையன் கேட்டு முடித்ததும் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்துவாய். என் பக்கம் திரும்புவாய்.

"சொல்லுங்க. நகைக்குத்தானே கட்டுனீக?"

நான் ஒவ்வொரு வாரமும் ஒரு பதில் வைத்திருப்பேன். நகைச்சுவை எழுதுகிறவன் என்று ஊரில் பெயர் எடுத்தாயிற்றே. "நகைக்கு இல்ல, கேசரிக்கு" என்பேன். "உங்க அண்ணன் மீசையப் பாத்துப் பயந்து" என்பேன். "நகை போன பெறகும் நான் போகலையே" என்று ஒருமுறை சொன்னதற்கு, "போனா எவ சோறு போடுவா?" என்று கேட்டாய். பதில் கிடைக்காத வாரங்களில் தேங்காய்ப்பூத் துண்டை விசிறியாகப் பிடித்துக்கொண்டு எழுந்து ஆடிவிடுவேன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ரீடிங் எடுக்காமலே திரும்பிப் போனார். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். சிரித்து முடித்ததும் ஒரு நொடி என்னையே பார்ப்பாய். பிறகுதான் படத்தை ஓடவிடுவாய்.

அந்த ஒரு நொடியை நான் ஏன் கவனிக்கவில்லை, பஞ்சு?

ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம். மலர் தன் போனில் படத்தைப் போட்டு உன் நெஞ்சுக்கு மேலே பிடித்திருந்தாள். மாடிப்படி வந்தது. உனக்கு விரலைத் தூக்கவே முடியவில்லை. கண்ணைக் காட்டினாய், அவள் நிறுத்தினாள். மறுபடி கண்ணைக் காட்டினாய், மூக்கில் இருந்த ஆக்சிஜன் மாஸ்கை விலக்கினாள்.

"இன்னிக்கு ஆடாமச் சொல்லுங்க."

நான் என்ன செய்தேன்? கட்டிலுக்குக் கீழே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். பச்சைப் போர்வையை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினேன். வாசலில் நின்ற சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கட்டில் பெரியவர் கூடச் சிரித்தார். நீயும் சிரித்தாய். இருமல் வந்தது. மாஸ்கை வைத்த பிறகும் உன் கண் என்மேலேயே இருந்தது. பிறகு மூடிக்கொண்டாய். "இறங்குங்க, விழுந்துறப் போறீக" என்றாய். நீ என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அதனால் ஆடினேன். இது காரணமா? உனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

இங்கே நிலவரம் சொல்கிறேன். பதினாறாம் நாள் முடிந்து உன் அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போது, "மாப்ள, பேரையூருக்கே வந்துருங்க" என்றார். அவர் மீசை நரைத்துவிட்டது, பயம் வரவில்லை. உன் தாலிச் சங்கிலி மலரிடம் இருக்கிறது. பவுன் விற்கிற விலையைக் கேட்டால் நீ எழுந்தே வந்துவிடுவாய். ஸ்டெல்லா டீச்சர் தினம் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்துவிட்டு, உப்பு சரியாக இருந்ததா என்று கேட்க மறுபடி வருகிறார். தெருவில் அதைப் பற்றியும் பேச்சு வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து வயசு நூற்றுப்பத்து என்று யாராவது அவர்களுக்குச் சொன்னால் தேவலை. நான் கேசரி கிண்டப்போய் ரவையைக் கருக்கி, பாத்திரத்தைப் பின்பக்கம் ஒளித்து வைத்திருக்கிறேன்.

சரி. ஆடாமல் சொல்கிறேன்.

நகைக்குத்தான் கட்டினேன். பொய் சொல்ல மாட்டேன். இந்த மனைக்கு முன்பணம் கொடுக்க அந்த ரெட்டைவடச் சங்கிலியை விற்றோமே, அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கடையை விட்டு வெளியே வந்ததும் தாலிச் சங்கிலி மட்டும் மிஞ்சிய கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "லேசா இருக்குங்க" என்றாய். அழப்போகிறாய் என்று நினைத்துத் திரும்பினேன். நீ பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். சங்கிலி கிடந்த இடத்தில், கழுத்தெலும்புக்கு மேலே, மிளகு அளவில் ஒரு மச்சம். கல்யாணமாகி ஆறு வருஷம், ஒரு பிள்ளையும் பெற்றாயிற்று, நான் அதைப் பார்த்ததே இல்லை. பேருந்தில் ஜன்னலோரம் உன்னை உட்கார வைத்துவிட்டு நாகமலை வருகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். "என்ன பாக்குறீக?" என்று கேட்டாய். "மலை தெரியுதான்னு பாக்குறேன்" என்றேன்.

அன்றைக்குத்தான் உன்னைப் பெண் பார்த்தேன், பஞ்சு. பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் போய் அதை எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு நீ கேட்ட ஒவ்வொரு ஞாயிறும் அது என் தொண்டை வரைக்கும் வந்து, ஜோக்காக மாறி வெளியே போனது.

இனிமேல் ஒவ்வொரு ஞாயிறும் படத்தைப் போடுவேன். அந்த இடத்தில் நானே நிறுத்துவேன். உட்கார்ந்தபடியே, துண்டைத் தொடாமல், பதிலைச் சொல்லிவிட்டுத்தான் ஓடவிடுவேன். இது சத்தியம்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து,
உன் வீட்டுக்காரன்

இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் மலருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு சொன்னாள். "அப்பா, நீங்க எழுதுனது ஒண்ணையும் அம்மா படிச்சதே இல்லையேப்பா."