அது என் போன்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே அனல். புழுதிக் காற்று. துவைத்துப் போட்ட சேலை திரும்பவும் அழுக்கு.

ஆலயத்தில் திருவிருந்து. போன மாதம் போலவே அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. பக்கத்தில் இருந்த ஜெபராணி, "ஒடம்புக்கு முடியலயாக்கா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று.

எழுதிப் பார்க்கிறேன். மே கடைசி. பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னும் ரூம். கேட்டில் போனை ஒப்படைக்க மறந்துவிட்டேன். வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் போன் வரவே கூடாது. மற்றவர்களைச் சோதிக்கிற சூப்பர்வைசரே நான்தான். மேனேஜர் ரவுண்டு வந்த நேரம் என் இடுப்பில் போன் அடித்தது. ரீசார்ஜ் விளம்பரம்.

"யார் போன்?"

"முத்துலட்சுமிகிட்ட இப்பத்தான் பிடுங்குனேன் சார்."

யோசிக்கவே இல்லை. பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள். பேசவில்லை. அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். மற்ற கம்பெனிகளுக்கும் சொல்லிவிட்டாராம், ஒருவரும் எடுக்கவில்லை.

ஒன்றும் வெடிக்கவில்லை. யாருக்கும் காயமில்லை. இதைத்தான் தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

திரி இரண்டு கட்டு குறைவு. லோடு நாளைக்கு. காஸ் புக் பண்ண வேண்டும். குழாயில் தண்ணீர் இல்லை.

மு. இருந்த இடத்தில் புதுப்பெண். கை ஓடவில்லை. "முத்துலட்சுமிக்கா இருந்தா இந்நேரம் முடிச்சிருக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். அது யார் போன் என்று எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். ஜெபித்தார். "ஆண்டவர் மன்னிச்சுட்டாரும்மா, சமாதானமாப் போ" என்றார். வந்து ரசம் வைத்தேன். கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, மனசு அப்படி இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. இரண்டு பஸ் மாறி மல்லாங்கிணறு.

மு. வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கறுத்திருக்கிறாள். நூறு நாள் வேலையும் இந்த வாரம் இல்லையாம். "வாங்கக்கா" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

மன்னித்துக்கொள் என்றேன். பாஸ்டரிடம் சொன்னதையும் சொன்னேன், ரசீது காட்டுகிறவள் மாதிரி. சேலையைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு நா வெளிய நிறுத்துவாக, மறுநா நீங்க சொல்லிருவீகன்னு இருந்தேன்க்கா. அதான் வாயத் தொறக்கல. ரெண்டு வாரம், கம்பெனி வேன் சத்தம் கேட்டா வாசலுக்கு வந்து பாப்பேன்."

பிழிந்த சேலையைக் கொடியில் விரித்தாள்.

"ஒங்க சாமிகிட்டச் சொல்லிட்டீக, சரி. மேனேஜர்கிட்ட எப்பச் சொல்லுவீக?"

காபி கொடுத்தாள். குடித்தேன்.

ஜூலை 14, திங்கள்

சொல்லிவிட்டேன். "சார், அது என் போன்." அவ்வளவுதான். ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது இதைச் சொல்ல.

"முடிஞ்சத எதுக்கும்மா கிளறுற? சீசன் நேரம். போய் வேலயப் பாரு."

போகவில்லை. "அவள எடுங்க சார்."

"அவள எடுத்தா ஒன்ன அனுப்பணும். சூப்பர்வைசரே போனு கொண்டாந்தான்னு தெரிஞ்சா, நாளைக்கு எவ பயப்படுவா?"

"அனுப்புங்க சார்."

கேட்டில் கார்டை வாங்கிக்கொண்டார்கள். பதினோரு மணி பஸ்ஸில் ஆமத்தூர், வீடு. நிம்மதி வரும் என்று நினைத்தேன். பயம்தான் வந்தது. அடுத்த மாதம் எதை வைத்து நடத்துவது? ஜெபிக்க உட்கார்ந்தால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அப்படியே தூங்கிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. பால் வாங்க மெயின் ரோடு. திரும்பும்போது கம்பெனி வேன். நான் ஏறுகிற இடத்தில்தான் நின்றது. ஜன்னலோரம் மு., மடியில் சாப்பாட்டுத் தூக்கு. ஒதுங்கலாம் என்று பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டாள்.

சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். வேன் நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி, "எஸ்தர்க்கா, சாப்ட்டீகளா?"

பால் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதேன்.