கொச்சியில் ஏறிய பொள்ளாச்சி

ஜூன் 11, புதன்
ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் கழித்து மறுபடி ஆய்வு மையத்தில் வேலை. எந்த ஊர் எந்த நாட்டுக்கு எவ்வளவு தென்னை நார் அனுப்பும் என்று ஊரின் அளவையும் தூரத்தையும் வைத்துக் கணிக்க வேண்டும். தென்னை நார்க்கழிவுச் சோதனைக்கூடம் எங்கே வரும் என்பதை என் அட்டவணைதான் தீர்மானிக்குமாம். தரவு திரட்டும் ஜெபராணி கேட்டார்: "பொள்ளாச்சிச் சரக்கு கொச்சியிலதான் கப்பல் ஏறுதுங்க சார். ஏத்துன எடத்தைப் போடறதுங்களா, செஞ்ச எடத்தைப் போடறதுங்களா?" துறைமுகப் புள்ளிவிவரம் கைவசம் இருந்தது. ஏற்றிய இடமே போதும் என்றேன். அதைத் துண்டுச்சீட்டில் எழுதி என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்.

ஜூலை 18, வெள்ளி
கூட்டம். பொள்ளாச்சியில் நார்க்களம் வைத்திருக்கும் சென்னியப்பன் அட்டவணையில் விரலை வைத்தார். "ஏனுங்க, என்ற களத்துல மட்டும் தெனம் நாலு லாரி ஏறுதுங்க. உங்க கணக்குல பொள்ளாச்சியே இல்லீங்களே. அத்தனை நாரையும் நாங்களே தின்னுபோட்டமுங்களா?"
எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் ஜெபராணியிடம், தரவு உங்களுடையதுதானே என்றார். ஜெபராணி என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன்.

ஜூலை 19
நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

ஜூலை 20, ஞாயிறு
சர்ச்சில் பூசை. ஒருவருக்கொருவர் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும் நேரம். முன்வரிசையிலிருந்து ஜெபராணி திரும்பி, வழக்கம்போல என்னைப் பார்த்தும் கும்பிட்டார். என் கை தாமதமாகத்தான் எழுந்தது.

ஜூலை 24
ஜெபராணியின் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. அட்டவணைப் பிழையால் நீட்டிக்க மாட்டார்களாம். தவறு என்னுடையது என்று இயக்குநருக்குக் கடிதம் எழுதி, மூன்று முறை திருத்தி, சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 31
பையில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்
கொடுத்துவிட்டேன். இயக்குநர் படித்துவிட்டு, "போன வாரமே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணை வெச்சிருப்போமுங்க சார்" என்றார்.
அட்டவணையைத் திருத்த ஜெபராணியின் கோப்பை வாங்கினேன். உள்ளே அந்தத் துண்டுச்சீட்டு, என் கையெழுத்தோடு. கூட்டத்தன்றும் இது கையில்தானே இருந்திருக்கும் — எடுத்துக் காட்டியிருக்கலாமே அம்மணி, ஏன் காட்டல?
அவருக்குப் போன் செய்தேன். சொல்ல நினைத்தது பாதிதான் வந்தது. "இருக்கட்டுங்க சார். திருப்பூர்ல வேலை கெடைச்சிருச்சுங்க. கணக்கைச் சரி பண்ணிப்போடுங்க."

ஆகஸ்ட் 24, ஞாயிறு
செய்த இடத்தை வைத்துப் போட்ட புது அட்டவணையை ஏற்றுக்கொண்டார்கள். பொள்ளாச்சி முதல் வரியில். சோதனைக்கூடமும் அங்கேதான். முந்தைய பிழை யாருடையது என்று அடிக்குறிப்பில் என் பெயரைப் போடச் சொன்னேன்; போட்டார்கள்.
பூசையில் முன்வரிசையில் ஜெபராணியின் இடத்தில் வேறொரு குடும்பம். சமாதானம் சொல்லும்போது நானே முதலில் கும்பிட்டேன். யாரென்று தெரியாமல் அவர்களும் கும்பிட்டார்கள்.