வெள்ளாற்றில் கடைசிப் படி

இன்று காலை ஜிப்பா தைக்க ஒருவர் கடைக்கு வந்தார். அளவெடுக்கக் கிட்டே போனேன். உன் அத்தர் வாசம். குனிந்திருந்தவன் நிமிராமலே, "எப்படா வந்தே?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உன்னை அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் வாய் இன்னும் அதை நம்பவில்லை.

துபாயிலிருந்து நீ போன் செய்தால் குசலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே, "ஆத்துல தண்ணி வருதா?" என்பாய். லப்பைக்குடிக்காட்டிலிருந்து மணலில் நடந்தே வெள்ளாற்றைக் கடந்து, திட்டக்குடியில் படம் பார்த்துவிட்டுத் திரும்புவோமே, அந்த ஆறு. நம் கரையில் கருங்கல் படிகள் மூன்று தெரியும். அதற்குக் கீழே மணல்தான். உன் அத்தா அந்தப் படியில் உட்கார்ந்து, "நம்ம பாட்டன்மாரு பரங்கிப்பேட்டையிலேர்ந்து படகுல வந்து இங்கதான் எறங்குனாங்க" என்பார். கணுக்கால் தண்ணீரில் படகா என்று நாம் சிரிப்போம். என்னைவிட நீதான் அதிகம் சிரித்தாய்.

போன வருஷக் கோடையில் இனிமேல் போவதில்லை என்று ஊருக்கே வந்துவிட்டாய். மறுநாள் காலையிலேயே என்னை ஆற்றுக்கு இழுத்துப் போனாய். மணல் அள்ளுகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது நானும் பார்த்ததுதான். ஆனால் உன்னோடு கரையிறங்கி நின்றபோது எனக்கும் திக்கென்றது. மூன்று படி இருந்த இடத்தில் ஒரு முழுப் படித்துறை எழுந்து நின்றது. அடியில் ஒரு கல்லில், துருவேறிய பெரிய இரும்பு வளையம்.

நீ அதற்குள் கையை நுழைத்துப் பார்த்தாய். "டேய், படகு கட்டுற வளையம்டா. அத்தா சொன்னது நெசம்டா!" உன் கண்ணில் நீர் கட்டிவிட்டது. இத்தனை ஆழமான ஆறு இங்கே ஓடியிருக்கிறது, நம் ஊர் அதன் துறையாக இருந்திருக்கிறது. நீ எழுந்து நாலாபக்கமும் பார்த்தாய். அப்புறம்தான் உனக்கு உறைத்தது. "அப்ப நாம வெளயாண்ட ஆறு எங்கடா?" என்றாய். அது லாரி லாரியாகப் போய்விட்டிருந்தது.

அன்று முதல் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய் அந்த வளையத்தைக் காட்டினாய். "எங்க அத்தாவ நாங்க கேலி பண்ணுனோம்ங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாய்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஆற்றில் தண்ணீர் வந்தது. இரண்டு நாள் வெள்ளம் சீறி ஓடி, பிறகு தணிந்தது. நீ தோளில் துண்டோடு கடை வாசலில் வந்து நின்றாய். "துணிய அப்புறம் தைக்கலாம், எந்திரிடா."

படிகள் முக்கால்வாசி முழுகியிருந்தன. நீ காலால் தடவித் தடவி இறங்கினாய். கடைசிப் படிக்குக் கீழே கெட்டியான தரை என்பது இருவருக்கும் தெரியும். கோடையில் அங்கே நின்றுதானே பேசிக்கொண்டிருந்தோம். மார்பளவு தண்ணீரில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். ஏதோ சொன்னாய். அடுத்த எட்டு வைத்தாய்.

தலை தெரியவில்லை.

சின்ன வயதில் மூச்சடக்கி என்னைப் பயமுறுத்துவாயே, அந்த விளையாட்டுதான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே நின்றேன். துண்டு மட்டும் மிதந்து வந்தது. அப்போதும் சிரிப்பு என் முகத்தில்தான் இருந்தது. அதன் பிறகு நான் கத்திய கத்தலில் கரையே கூடிவிட்டது என்கிறார்கள். எனக்கு அது நினைவில் இல்லை.

நாம் நின்ற தரையை ஒரே வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. தூரத்தில் மணலுக்காகத் தோண்டிய பள்ளம் படிவரைக்கும் வந்து காத்திருந்தது. சாயங்காலம் பாலத்துக்குக் கிழக்கே உன்னை எடுத்தார்கள். துபாயிலிருந்து உன் மகன் வரும்வரை உன்னை வைத்திருந்தோம். கபுருஸ்தானில் எல்லோரோடும் சேர்ந்து நானும் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டேன்.

அன்றிரவு அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, அத்தா கடைசியா என்ன சொன்னாங்க?"

"தண்ணி நல்லா இருக்குன்னு சொன்னாருப்பா" என்றேன். அவன் என் மடியில் தலையை வைத்து அழுதான்.

நீ சொன்னது அவ்வளவுதான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். "தண்ணி நல்லா இருக்குடா, வா" என்றல்லவா சொன்னாய். அந்த 'வா'வை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை.