நான் கத்திச் சொன்ன எண்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மா நலம், மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாள். நீ நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். போனை நீ எடுப்பதில்லை. உன் சிநேகிதன் நீ இருக்கிற ஊர்ப் பக்கம் வருவதாகச் சொன்னான், அதனால் இதை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவனிடமும் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடாதே.

போன வெள்ளிக்கிழமை வரி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் பசை வாளியும் கையுமாக நின்றிருந்தேன். அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி, சூதாட்ட இணையதளத்துக்கு எதற்காகப் பணம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டார்கள். வேறு யாரையோ தேடி வந்துவிட்டார்கள் பாவம் என்று நினைத்து, வாசல் வரை போய் வழி சொல்லப் பார்த்தேன்.

அப்புறம் ஆடிட்டரிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் விளம்பரச் செலவு என்று அவரிடம் சொல்லியிருக்கிறாய். சூதாட்டத்தில் விட்டதைத் தொழில் லாபத்தில் கழிக்கவே முடியாதாம். இப்போது கழித்த அத்தனைக்கும் வரி, வட்டி, அபராதம். நடுவில் ஒரு தடவை பெரிதாக ஜெயித்திருக்கிறாய். அதற்கு முழுசாகத் தனி வரி. தோற்றது அதைவிடப் பல மடங்கு என்றாலும் செல்லாதாம். "ஜெயிச்சதுக்கு மட்டும்தாம்மா சட்டத்துக்குக் கண்ணு தெரியும்" என்றார்.

எப்போது ஜெயித்தான் என்று அவரிடமே தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டு ஆர்டருக்கு முன்பணம் வந்துவிட்டது என்று உன் அறையிலிருந்து ஓடிவந்தாயே, அந்த நாள். நானே மெஷினை நிறுத்தி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். என் தம்பி கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். நீயும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டாய்.

ஆடிட்டர் அனுப்பிவைத்த வக்கீல் அம்மா சொன்னது இன்னும் மோசம். பணம் அனுப்பும்போது வங்கி கேட்கிற ரகசிய எண் என் போனுக்குத்தானே வரும். நீ கம்பெனியில் உன் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டுவாய். என் கையெல்லாம் பசை, மெஷின் சத்தம் காதைப் பிளக்கும். நான் முழங்கையால் போனைத் தட்டி, எண்ணைப் பார்த்து உன்னிடம் கத்துவேன். யாருக்கு, எவ்வளவு என்று ஒரு நாளும் படித்ததில்லை. அட்டை சப்ளை செய்கிறவருக்குப் போகிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு பந்தயத்துக்கும் என் வாயாலேயே அனுமதி வாங்கியிருக்கிறாய். இயக்குநர் என்று என் பெயரும் இருப்பதால், சட்டப்படி நானும் உனக்குக் கூட்டாம்.

ஆட்கள் சம்பளத்தில் பிடித்த சேமநிதியைக்கூட நீ கட்டவில்லை. அதற்குத் தனியாகக் கிரிமினல் வழக்கு வரும். பெட்டி மடிக்கிற அந்த ஒல்லி அக்கா, மகள் படிப்புக்கு அதிலிருந்து கொஞ்சம் எடுக்க முடியுமா என்று நேற்று வந்து கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்றைக்கு அவள் பக்கமே நான் போகவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு செய்தி. "விளம்பரம்னே சொல்லிடுக்கா. நீ சொன்னா நம்புவாங்க." பணம் போனதுகூட இப்படி வலிக்கவில்லை, தம்பி. என் பேச்சை நாலு பேர் நம்புகிறார்களே, அதையும் எடுத்துப் பந்தயத்தில் வைக்கப் பார்க்கிறாய். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். எப்படி மனசு வந்தது?

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி விசாரணை. எனக்குத் தெரியாமல் செய்தாய் என்று உன் மேல் மோசடிப் புகார் கொடுத்தால்தான் நான் தப்பிக்கலாம் என்கிறார் வக்கீல் அம்மா. மனு தயாராக இருக்கிறது. நான்தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீ தொழில் விஷயமாகப் போயிருப்பதாக அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே வீட்டில் உன் அறையைத் தினமும் பெருக்குகிறாள்.

விளம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து ஒப்புக்கொண்டால் தண்டனை குறையலாம், வரியைத் தவணையில் கட்ட விடுவார்கள் என்கிறார்கள். மெஷின்களை விற்று ஆட்களின் பணத்தை முதலில் கொடுத்துவிடலாம். உன்னை உள்ளே வைத்தால் நான் வந்து பார்ப்பேன். நீ வராவிட்டால் கையெழுத்துப் போடுவேன். மிரட்டுவதாக நினைக்காதே. எனக்கு வேறு வழி வைக்காமல் போனவன் நீ.

திரும்பி வரக் கையில் காசு இருக்காது என்று தெரியும். உன் சிநேகிதனிடம் கொடுத்திருக்கிறேன். உன் கையில் தர வேண்டாம், டிக்கெட்டாக எடுத்துக் கொடுத்து, விமானத்தில் ஏறுகிற வரை கூடவே இரு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு என்று எழுதத்தான் கை வருகிறது. எழுத மாட்டேன். இங்கே வந்து நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா