மீன் வேலை பார்க்கும் மகளுக்கு

ஆமத்தூர்,
பங்குனி 29

அன்பு மகள் பொன்மணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி காளீஸ்வரனும் முக்கால்வாசி நலம், மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, ஜெர்மனியில் பனி விட்டதா, ரசப்பொடி தீர்ந்துவிட்டதா என்று எழுது. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் பேசும்போது உன் தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் இந்த வீட்டில் அதை அனுப்பத் தெரிந்தவனும் அவன்தான். அதனால் நானும் அவனும் வேலை பார்க்கும் கம்பெனியில் கழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், அவனுக்குத் தெரியாமல் விருதுநகர் போய் நானே தபாலில் போட்டுவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு போனை அப்பா கையில் திணித்தேன். அதைக் கோபம் என்று நினைத்திருப்பாய், அது பொறாமை. ஐந்து வருசமாக வலிப்புக்கு என்று நீ பார்த்துவரும் மருந்து மூளையில் வரும் கேன்சர் கட்டியையும் வளரவிடாமல் பிடிக்கிறது, அதனால் கேன்சர் மருந்து செய்கிறவர்கள் கூப்பிடுகிறார்கள், போனால் வலிப்பு வேலையை விட்டுவிட வேண்டும், போகட்டுமா அம்மா என்று கேட்டாய். நீ முடிப்பதற்குள் எனக்கு வயிறு எரிந்தது. அந்த நோய்க்குத்தான் ஊரும் உலகமும் இருக்கிறதே, என் மகளுமா வேண்டும் என்று நினைத்தேன். நோயின் மேல் பொறாமைப்படுகிற பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதற்கு முன்னால், நீ மருந்து விட்டுச் சோதிக்கும் உன் மீன்கள் மேலும் எனக்குப் பொறாமை இருந்தது, இப்போது சொல்கிறேன். கோடு போட்ட அந்தக் குட்டி மீனுக்கு வலிப்பு வந்தால் நீ பக்கத்தில் நின்று மணி பார்க்கிறாய், மருந்து விடுகிறாய். உன் தம்பிக்கு வந்தால் நான்தானே இருக்கிறேன். நீ சொன்னபடி சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதை நிறுத்திவிட்டோம், ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பார்த்து தேதித்தாளில் குறித்து வைக்கிறேன். மாசி மாதம் மட்டும் நான்கு தாள்.

எங்கள் முதலாளி வீட்டு யோகேஸ்வரி அம்மாவுக்கு மார்பில் கேன்சர் என்று தை மாதம் தெரிந்தது, உனக்குச் சொன்னேன். அதிலிருந்து கம்பெனி வேனில் ஏறினால் அவர்கள் பேச்சுதான். பார்க்கப் போகிறவர்கள் மாதுளம்பழத்தோடு போகிறார்கள், அழுதுகொண்டு வருகிறார்கள். பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோவில் பக்கம் அன்னதானப் பந்தல் போட்டு, யோகேஸ்வரி அம்மாள் பூரண நலம் பெற வேண்டி என்று ஆள் உயரத்துக்குத் தட்டி வைத்து, மைக்கிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு நான் அக்கினிச்சட்டி எடுத்தேன். உன் தம்பிக்காகத்தான் எடுத்தேன். ஆனால் யாருக்காக எடுக்கிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் மூத்தவளுக்குக் கல்யாணம் கூடி வரணும் என்று சொன்னேன். ஆத்தாவின் தீயைக் கையில் ஏந்திக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறேன் பொன்மணி. சட்டியின் சூட்டைவிட அந்த மைக் சத்தம்தான் எனக்குச் சுட்டது. என் பிள்ளைக்கு ஒரு தடவை இப்படி யாராவது வேண்டிக்கொண்டார்களா என்று நினைத்தேன். ஊருக்குத் தெரிந்தால்தானே வேண்டுவார்கள், அது அந்த நேரம் புத்தியில் ஏறவில்லை.

சட்டியை இறக்கிவிட்டுப் பந்தலுக்கு வந்தால் காளீஸ்வரன் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தான். என் கண் முன்னாலேயே விழுந்தான். வாளி உருண்டது, இலையில் இருந்தவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள், இரும்பைக் கொடுங்க இரும்பைக் கொடுங்க என்று ஒருத்தர் கத்தினார். நான் போய்ச் சேருவதற்குள் யோகேஸ்வரி அம்மா தலையில் கட்டியிருந்த துணியோடு சாம்பாரில் உட்கார்ந்து அவனை ஒருக்களித்துப் பிடித்துவிட்டார்கள். அவன் தெளிந்த பிறகு எத்தன வருசமா இருக்கு என்று என்னைக் கேட்டார்கள். இதுதாம்மா முதத் தடவ, வெயில்ல நின்னதுதான் என்று சொன்னேன். பதினேழு வருசத்தை வெயிலில் தள்ளிவிட்டேன். காளீஸ்வரன் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

மறுநாள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். வேலை போய்விட்டது என்று நினைத்துத்தான் போனேன். அவர்கள் கேட்டது வேறு. எங்கிட்ட ஏன் மூணு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறே குருவம்மா, நான் உனக்கு என்ன செஞ்சேன் என்று கேட்டார்கள். அதுவரைக்கும் அது வெளியே தெரிகிறது என்று எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன், எம் பிள்ளைக்குப் பதினேழு வருசமா இருக்கு, ஒங்க நோவுக்கு அம்புட்டுப் பேரும் வேண்டுதாக, அதப் பாத்துத் தாங்கலம்மா என்று. அவர்கள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பிறகு, உம் மகன் விழுந்தான், எந்திரிச்சான், பசிக்குன்னு சொல்லி ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னான், அதப் பாத்து எனக்கு எம்புட்டுப் பொறாமையா இருந்துச்சு தெரியுமா என்று சொன்னார்கள். மைக்கில் பேரைக் கேட்கும்போதெல்லாம் இப்பவே செத்துவிட்ட மாதிரி இருக்கிறதாம். இத்தனை நாள் நான் பொறாமைப்பட்டது இதற்குத்தான். பிறகுதான் என்னைத் திட்டினார்கள். கட்டிங் மிஷின்லயா அவனை உக்கார வச்சிருக்கே, கை போயிருந்தா என்ன சொல்லுவே, அதுவும் வெயில்தானா என்று கேட்டார்கள். அன்றைக்கே அவனைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

கிளம்பும்போது உன்னைப் பற்றிக் கேட்டார்கள், ஒம் மக அங்கன மீனு சம்பந்தமாத்தானே வேலை பாக்கா என்று. வலிப்பு என்று வாயில் வரக்கூடாது என்பதற்காக மீன் ஆராய்ச்சி என்று நான் சொல்லி வைத்ததில் ஊர் முழுக்க நீ ஜெர்மனியில் மீன் பண்ணை நடத்துகிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. இவர்களிடமும் ஆமா என்றுதான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கேன்சர் மருந்துக்கு உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை. அப்படிப்பட்டவள் உன் அம்மா. வேனில் வரும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஆகையால் நீ போ. மனசார முழுசும் சொல்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன், இப்பவும் எரிச்சல் இருக்கிறது, இருந்தாலும் போ. நீ செய்வது வேறு கட்டிக்கு, யோகேஸ்வரி அம்மா உயிரோடு இருக்கும்போதே கைக்கும் வராது என்று தெரியும், ஆனாலும் நாளைக்கு அவர்களிடம் போய்ச் சொல்லிவிடப்போகிறேன். வலிப்பு வேலையை இன்னொருத்தர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போ, மூலையில் போட்டுவிட்டுப் போகாதே. இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் தமிழ்ச் சங்கத்துக்காரர்களிடம் நீ பேசியதை உன் தம்பி போனில் போட்டுக் காட்டினான். என் உறவினர் ஒருவருக்கு வலிப்பு இருந்ததால் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று சொல்லியிருந்தாய். அவன் சிரித்துக்கொண்டே, யாரும்மா அந்த உறவினர் என்று என்னைக் கேட்டான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஏர்போர்ட்டில் உன்னிடம் சத்தியம் வாங்கியவள் நான். அந்தச் சத்தியத்தை இன்றைக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இனிமேல் எந்த மேடையில் பேசினாலும், எந்த நோய்க்கு மருந்து செய்தாலும், என் தம்பி காளீஸ்வரன் என்று பேர் சொல்லிப் பேசு.

குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே, சாப்பாட்டை ஆய்வுக்கூடத்துக்குள் வைத்துச் சாப்பிடாதே. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஆத்தா மாரி நீ கையில் எடுத்த காரியத்தை முடித்துத் தரட்டும், நீ நூறு வயசு இரு தாயி.

விருதுநகர் போய் நானே தபாலில் போடுவேன் என்று மேலே எழுதியிருந்தேன், அதை விட்டுவிடு. காளீஸ்வரன் நாளைக்கு அந்தப் பக்கம் போகிறான், அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். உறையை ஒட்டவில்லை.

உன் அம்மா, காளீஸ்வரனுக்கும் அம்மா,
ச. குருவம்மாள்