இன்னொருவன் சர்டிபிகேட்

புத்தூர்,
9-6-1957

அன்புள்ள சக்ரபாணிக்கு,

திருவேங்கடம் எழுதுவது. நீயும் பத்மினியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உங்கள் மில் கால்பந்து டீம் இந்த வருஷம் லீக்கில் கடைசி என்று எழுதியிருக்கிறாய். வருத்தப்படப் பார்த்தேன், வரவில்லை. லெப்ட் அவுட் ஆட ஆள் இல்லை, நடந்ததை மறந்துவிட்டு முனிரத்தினத்தை அனுப்பிவை என்கிறாய். மறக்கிற வேலையை மட்டும் எங்களுக்குக் கொடுக்கிறாய்.

திருப்பதி மைதானத்தில் அவன் மூன்று கோல் போட்டதைப் பார்த்து, வேறு கிளப் கொத்திக்கொண்டு போவதற்குள் உன் மகனை அனுப்பு என்று என் கையைப் பிடித்தவன் நீ. அனுப்பினேன். கிளப்பில் சேரும் பாரத்தில் டி. முனிரத்தினம், பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் என். முனிரத்தினம். இன்னொருவன் சர்டிபிகேட்டில் ஆட வந்த திருடன் என்று சொல்லி, உன் கிளப்காரர்கள் அவன் போட்டிருந்த ஜெர்சியை எல்லோர் முன்னாலும் கழற்றச் சொன்னார்கள். ஆந்திராக்காரன் புத்தி என்றாராம் ஒருவர். இங்கே எங்களை மெட்ராஸ்காரன் என்கிறார்கள். நீ அங்கேதான் நின்றாய். இவன் என் சிநேகிதன் மகன் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை.

அன்றிலிருந்து அவன் பந்தைத் தொடவில்லை. நகரியில் துணி மூட்டை தூக்கப் போகிறான். ஊரில் அவனுக்கு சர்டிபிகேட் என்றே பெயர். போன மாதம் பெங்களூர் கிளப்பிலிருந்து ஒருவர் தேடி வந்தார். இவன் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். "நான் போமாட்டேன் நைனா, அங்கயும் திருடன்னுதான் சொல்லிக்கினு இருப்பாங்க" என்றான். அவனைப் பெற்ற ஜெயம்மா அன்று சோறு சாப்பிடவில்லை. அந்தப் பெங்களூர்க்காரர் வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார். அன்றும் இவன் வராவிட்டால் நாயுடுபேட்டைப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வாராம்.

இனி எழுதுவதை நீ படித்துவிட்டுக் கிழித்துவிடு. ஆந்திரா பிரிந்த வருஷம் இவனை ஹைஸ்கூலில் சேர்த்தபோது, ஹெட்மாஸ்டர் இண்டிபேரு என்ன என்று கேட்டார். தெலுங்குக்காரருக்கு வீட்டுப் பெயர் உண்டு, நமக்கு ஏது? இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, எங்கள் பூர்வீக ஊர்ப் பெயரை, நாராயணவனம் என்று சொல்லிவைத்தேன். அதுதான் அந்த என். வகுப்பில் வெறும் முனிரத்தினம் என்றே கூப்பிட்டதால் அவனுக்கும் அது தெரியாது. சர்டிபிகேட் தெலுங்கில் இருந்தது. தெலுங்கில் சண்டை போடுவேனே தவிர படிக்கத் தெரியாது. யாரிடமும் காட்டிக் கேட்காமல் அப்படியே உறையோடு கொடுத்தனுப்பினேன். பாரத்தை வழக்கம்போல என் பெயருக்கு டி போட்டு நானே நிரப்பினேன்.

திரும்பி வந்தவன் அது யாருடைய சர்டிபிகேட் என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லாமல், பள்ளிக்கூடத்தில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை இன்னொருவன் காகிதத்தோடு போய் நின்றதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

உன் கிளப் காகிதத்தில், முத்திரை வைத்து, அவன் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. விசாரித்தோம், என் என்பது உன் பூர்வீக ஊர்ப் பெயர், சர்டிபிகேட் உன்னுடையதுதான், கேட்காமல் அவமானப்படுத்தியது எங்கள் தவறு என்று எழுது. பள்ளியில் அந்தப் பெயரைச் சொன்னது யார் என்று மட்டும் எழுதாதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துசேர வேண்டும். உனக்கு லாபம் இல்லை, தெரியும். அவன் பெங்களூருக்குத்தான் போவான், உங்களுக்கு எதிராகவும் கோல் போடுவான். அப்படியும் எழுது.

உன் பிள்ளைகள் உன் சொல்லை நம்பும்படி பெருமாள் உன்னைக் கடைசிவரை வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
திருவேங்கடம்