பூத்த செடியில் தேனீ

கீழ் கோத்தகிரி,
திங்கள் காலை

அன்புள்ள உங்களுக்கு,

இன்று எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் கேமராவோடு தோட்டத்துக்குப் போனேன். இரவு கூடு திரும்பாத தேனீக்கள் வெயில் ஏறும்வரை குளிரில் விறைத்துப் பூவிலேயே கிடக்கும். சிறியது பெரிதாகத் தெரிய லென்ஸைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து மூச்சடக்கிக் கிட்டே போனால், கண்மேல் மெல்லிய ரோமம் இருப்பதுகூடத் தெரிகிறது.

இலைக்கு விலையில்லாமல் பறிப்பதை நிறுத்திய பிறகுதான் நம் தேயிலை இப்படிப் பூத்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இத்தனை பூவை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் உங்களுக்குப் படங்களை அனுப்பினேன். திருப்பூரிலிருந்து போனில் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "தோட்டத்தப் பூக்க உட்டுட்டியா?" தேனீயை நீங்கள் பார்க்கவே இல்லை.

பக்கத்துத் தோட்டத்துச் சின்னம்மையும் அதையேதான் சொன்னாள். "ஏனுங்க அக்கா, பறிக்காமக் கவனிக்காமப் போட்ட தேயிலைதான் பூக்கும், செடி பூத்தா ஊரே சிரிக்கும். நீங்க அதைப் படம் வேற புடிச்சு ஊட்டுக்காரருக்கே அனுப்பியிருக்கறீங்க." நானும் சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது.

தோட்டத்தை வாங்க வருகிறவர் பார்ப்பதற்குள் பூவோடு கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டிவிடச் சொன்னீர்கள். நல்ல விலைக்குப் போனால் நாம் திருப்பூரில் ஒரே வீட்டில் இருக்கலாம். எனக்கும் அதுதான் வேண்டும். ஆனாலும் ஆட்களிடம் சொல்லப் போனவள் பாதி வழியில் திரும்பிவிட்டேன். விற்க மனமில்லையா, பூக்களை வெட்ட மனமில்லையா, திருப்பூருக்கு வரப் பயமா, எனக்கே விளங்கவில்லை.

ஒன்றை மட்டும் தீர்மானித்திருக்கிறேன். சின்னம்மைக்குக்கூடத் தெரியாது. பூ உதிரும்வரை செடியில் கத்தி வைக்க விடப்போவதில்லை. வருகிறவர் பூத்த தோட்டத்தையே பார்த்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் மனைவி